எண்ணிய மழையும் பெய்த மழையும்

ஒரு பெருமழை ஓய்ந்தபோது என் மழைமானியின் கணக்கு 47.8 மி.மீ. என்று போன் திரையில் நின்றது. அதே மானியின் அடியில் ஒரு கேன் வைத்திருக்கிறேன். சென்சாரைத் தாண்டி வெளியேறும் தண்ணீர் முழுவதும் அதில்தான் இறங்கும். அந்தத் தண்ணீரை டிஜிட்டல் தராசில் வைத்தால் ஒரு கிலோவை ஒட்டி வந்தது. புனலின் பரப்பால் வகுத்துப் பார்த்தேன், 49.8 மி.மீ. இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஒரே புனலில் விழுந்து, ஒரே துளை வழியாக இறங்கி, ஒரே கேனுக்குப் போனது. நடுவில் ஒழுக்கு கிடையாது. அப்படியானால் இரண்டு மில்லிமீட்டர் மழை எங்கே எண்ணப்படாமல் போயிற்று?

எலக்ட்ரானிக்ஸில் என்னைவிடக் கைதேர்ந்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ரெண்டு மில்லிமீட்டர்தானே, விடுப்பா. நாலு சதவீதம். வீட்ல செஞ்சதுக்கு இதுவே அதிகம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் என்னால் விட முடியவில்லை. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் அந்த இரண்டு மில்லிமீட்டர் 200 லிட்டர் தண்ணீர். அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. தூறலும் சாரலுமாகப் பெய்த நாட்களில் போனும் கேனும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. கொட்டித் தீர்த்த மழையில் மட்டும் இடைவெளி விழுந்தது. அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக, போன் குறைத்துத்தான் சொன்னது. தற்செயலான பிழை என்றால் முன்னும் பின்னும் அலையும், சராசரியில் கரைந்துவிடும். இது அலையவில்லை. மழை எப்போது முக்கியமாகிறதோ, வாய்க்கால் தாங்குமா, தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எப்போது கேட்கத் தோன்றுகிறதோ, அப்போது பார்த்துக் குறைத்துச் சொல்லும் கருவியை நான்கு சதவீதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கிண்ணமும் காந்தமும்

மழையை மின்னணுவால் அளக்க வழிகள் பல. கைக்கு முதலில் வருவது, வரிவரியாகச் செம்பு ஓடும் சின்ன மழைப் பலகை. நனைந்தால் மின்தடை குறையும், காய்ந்தால் கூடும். துணி எடுக்கச் சொல்லி மணியடிக்க அது போதும், மழையை அளக்கப் போதாது. ஓயாமல் நேர்மின்சாரம் ஓடினால் அந்தச் செம்பு வரிகள் மின்பகுப்பில் அரித்தும் போகும். அடுத்தது மீயொலி. குழாயில் சேரும் நீர்மட்டத்தை மேலிருந்து ஒலியனுப்பி அளப்பது. ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் மாறும், மழை வந்தால் வெப்பநிலையும் சட்டென்று இறங்கும். அரை மில்லிமீட்டரைத் தேடுகிறவனுக்கு அது சரிவராது. லோடு செல் வைத்து எடைபோடுவது கொள்கையளவில் மிக நேர்மையான முறை. நானும் அதில் கொஞ்ச காலம் செலவழித்தேன். ஆனால் வெயில் ஏற ஏற எண் நகரும், காற்று பாத்திரத்தைத் தள்ளினால் எண் ஆடும், பாத்திரம் நிரம்பினால் யாராவது காலி செய்ய வேண்டும். துளிகள் மோதும் அதிர்வை பீசோ வில்லையால் கேட்கும் முறை இவை எல்லாவற்றையும்விட அழகானது. அதில் வரும் சைகையோ துளியின் பருமனைப் பொறுத்தது. அதை மி.மீ. ஆக்க இன்னொரு மழைமானியின் துணை வேண்டும்.

சுற்றி வந்து நான் நின்ற இடம், எல்லோரும் வந்து நிற்கும் டிப்பிங் பக்கெட். சீசா மாதிரி முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கிண்ணங்கள். ஒன்று நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மற்றொன்று புனலின் கீழே வந்து நிற்கும். சாயும் ஒவ்வொரு முறையும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சைக் கடக்கும். இந்தச் சாய்ந்து கொட்டும் யோசனை 1660-களில் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னுக்குத் தோன்றியது. அவரும் விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கும் தானாகவே குறித்துக்கொள்ளும் வானிலைக் கடிகாரம் ஒன்றைச் செய்ய முனைந்தபோது மழைக்கு வைத்த பகுதி அது. மூன்றரை நூற்றாண்டு கடந்தும் இன்றைய தானியங்கி வானிலை நிலையங்கள் பலவற்றில் இதே கிண்ணம்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

என் புனலின் உள்விட்டம் 16 செ.மீ. பரப்பு 201 சதுர செ.மீ. ஆகவே ஒரு மி.மீ. மழைக்கு 20.1 மி.லி. தண்ணீர் உள்ளே வரும். கிண்ணம் 4 மி.லி. சொச்சத்தில் சாய்ந்தால் ஒரு சாய்வு 0.2 மி.மீ. விட்டத்தை ஒரே திசையில் அளந்து நிறுத்திவிடக் கூடாது. அறுத்த பிவிசி குழாய் முழு வட்டமாக இருப்பதில்லை, விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பரப்பில் ஒன்றேகால் சதவீதம் பிசகும். பல திசைகளில் அளந்து சராசரி எடுத்தேன். விளிம்பை உள்பக்கம் செங்குத்தாக விட்டு வெளிப்பக்கம் சரிவாக ராவினேன். தடித்த விளிம்பில் மோதும் துளி உள்ளே போகுமா வெளியே தெறிக்குமா என்பதை அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. கிண்ணம் அக்ரிலிக் தகட்டில் வெட்டி ஒட்டியது, அச்சு ஒரு துண்டு சைக்கிள் ஸ்போக். கிண்ணம் சாய்ந்து அமரும் இரண்டு பக்கமும் அடியில் ஒவ்வொரு திருகு. திருகை உயர்த்தினால் சாய்மானம் குறையும், குறைந்த நீரிலேயே கிண்ணம் புரளும். தாழ்த்தினால் அதிகம் கேட்கும்.

அளவு சரிபார்க்க மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றப் பயன்படும் ஐவி செட்டைவிட நல்ல கருவி இல்லை. உருளையைத் தள்ளித் துளியின் வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். 402 கிராம் தண்ணீரை எடைபோட்டு ஊற்றி மெதுவாகச் சொட்டவிட்டால் கிண்ணம் நூறு முறை சாய வேண்டும். இரண்டு திருகுகளையும் மாறி மாறித் திருப்பி அந்த நூறுக்குக் கொண்டுவந்தேன். மூடியை மூடி, மின்கம்பியைச் செருகி, வேலை முடிந்தது என்றுதான் யாருமே நினைப்பார்கள்.

சுவிட்ச் மேல் சந்தேகம்

கேனும் போனும் முரண்பட்டபோது நண்பர் கை காட்டியது சுவிட்சை. "உன் புரோகிராம் எண்ணாம விட்டிருக்கும். டிபவுன்ஸ் நேரத்தைக் குறைச்சுப் பாரு" என்றார். நியாயமான சந்தேகம்.

ரீட் சுவிட்ச் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழல், அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு இரும்புக் கலவை நாக்குகள். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936-ல் உருவாக்கியது. ஈரமும் தூசியும் உள்ளே புக முடியாது என்பதால் மழைமானிக்கென்றே பிறந்த சுவிட்ச் போல இருக்கும். ஆனால் நாக்குகள் மோதும்போது அதிரும். அந்த அதிர்வில் ஒரே சாய்வு மைக்ரோகண்ட்ரோலருக்குப் பல சாய்வுகளாகத் தெரியும். கிண்ணம் திருகில் மோதித் துள்ளும்போது காந்தமும் கூடவே துள்ளுவதால் இன்னொரு பொய்க் கணக்கும் சேரும். அதனால்தான் ஒரு சாய்வு வந்ததும் அடுத்த 300 மில்லிநொடிக்கு வரும் எதையும் கண்டுகொள்ளாதே என்று நிரலில் எழுதியிருந்தேன். அதுதான் டிபவுன்ஸ் நேரம். நண்பரின் சந்தேகம் அந்த 300 மேல்தான். அந்த நேரத்துக்குள் நிஜமான சாய்வு ஒன்று வந்து, அது விடுபட்டிருந்தால்?

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அப்படி நடக்க வழியில்லை. மணிக்கு 300 மி.மீ. வேகத்தில் வானமே பிளந்து கொட்டினாலும் மணிக்கு 1500 சாய்வு, அதாவது 2.4 நொடிக்கு ஒன்று. இரண்டு நிஜச் சாய்வுகளுக்கு நடுவே ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி வரவே வராது. இந்தச் சின்னக் கணக்கால் எதிர்பாராத இன்னொரு பயனும் கிடைத்தது. மின்னல் பக்கத்தில் இறங்கும்போது நீளமான கம்பியில் தூண்டப்படும் மின்துடிப்பு சாய்வு போலவே நடிக்கும். மழையே இல்லாத இடியிரவில் 0.2, 0.4 என்று எண் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நொடிக்குள் அடுத்தடுத்து வருபவற்றைத் தள்ளிவிட்டதில் அவற்றில் பாதி போயிற்று. கம்பியைக் குட்டையாக்கி, 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போட்டதில் மீதியும் போயிற்று.

இருந்தாலும் காகிதத்தை மட்டும் நம்பாமல் காதால் சரிபார்த்தேன். மானியை மேசை மேல் வைத்து, தண்ணீரை வேகமாக விட்டு, கிண்ணம் திருகில் தட்டும் 'டக்' சத்தத்தைக் கண்ணை மூடி எண்ணுவது. திரையைக் கடைசியில்தான் பார்ப்பது. எண்ணியதும் திரையும் ஒன்றாகவே இருந்தன. சுவிட்ச் எதையும் விடவில்லை, நிரலும் எதையும் விழுங்கவில்லை. மின்னணுவின் பக்கம் எல்லாமே ஒழுங்கு. ஆனால் அதே மேசைச் சோதனையில் இன்னொன்று கண்ணில் பட்டது. மெதுவாகச் சொட்டவிட்டால் நூறு சாய்வு தந்த அதே 402 கிராம், உருளையை முழுக்கத் திறந்து பத்து நிமிடத்தில் ஓடவிட்டபோது 94 சாய்வுதான் தந்தது.

மெதுவாக ஓடிய வீடியோ

சாய்வுகளை ஒன்றுவிடாமல் எண்ணியும் தண்ணீர் கணக்கில் வரவில்லை என்றால், ஒவ்வொரு சாய்விலும் 4 மி.லி.-க்கு மேல் போகிறது என்றுதான் அர்த்தம். ஏன் என்று பார்க்க, போனின் ஸ்லோமோஷன் கேமராவைக் கிண்ணத்துக்கு நேராக வைத்தேன். நொடிக்கு 240 படங்கள். வெளிச்சத்துக்காகக் கிண்ணத்தின் பின்னால் ஒரு டார்ச். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டுப் படமெடுத்து, அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன்.

வெறுங்கண்ணுக்கு அது ஒரு கணம். 'டக்' என்று புரண்டுவிடும். படத்தில் அப்படி இல்லை. கிண்ணம் நிரம்பி நீரின் மேற்பரப்பு விளிம்பில் உப்பி நிற்கிறது. கிண்ணம் அசையத் தொடங்குகிறது. ஆனால் புரளவில்லை, தயங்குகிறது. சமநிலை குலையும் எல்லையில் நிற்கும் எதுவுமே முதலில் அப்படித்தான் நகரும், விசை இன்னும் சேரவில்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே தெரியாமல் பத்து இருபது படங்கள் போகின்றன. அந்தத் தயக்கம் முழுவதும் மேலேயிருந்து தண்ணீர் தாரையாக விழுந்துகொண்டே இருக்கிறது, ஏற்கெனவே நிறைந்த அதே கிண்ணத்துக்குள். பிறகு கிண்ணம் வேகம் எடுக்கிறது, உள்ளிருக்கும் நீர் ஒரு பக்கமாகச் சரிகிறது, அப்போதும் தாரை அதற்குள்ளேதான். நடுத்தடுப்பு தாரையை வெட்டிக் கடந்த பிறகுதான் அடுத்த கிண்ணத்துக்கு முதல் துளி கிடைக்கிறது. அசைவு தொடங்கிய படத்திலிருந்து தடுப்பு கடக்கும் படம்வரை எண்ணினேன். 84 படங்கள். 0.35 நொடி.

நான் தேடிய இரண்டு மில்லிமீட்டர் அந்த 0.35 நொடிக்குள் இருந்தது. சாரலில் அந்த நேரத்துக்குள் உள்ளே வருவது ஒரு துளிகூட இல்லை, கணக்கில் தெரியாது. மேசையில் வேகமாக விட்டதுபோல் நிமிடத்துக்கு 2 மி.மீ. கொட்டும்போது என் புனல் நொடிக்கு 0.67 மி.லி. இறக்கும். 0.35 நொடியில் 0.23 மி.லி. ஒவ்வொரு சாய்வோடும் இந்த உபரியும் சேர்ந்து கொட்டிப் போகிறது, எண்ணோ 0.2 மி.மீ. என்றே ஏறுகிறது. 4.02-உடன் 0.23-ஐக் கூட்டி 402-ஐ அதால் வகுத்தால் 94 சொச்சம் வருகிறது. மேசையில் நான் எண்ணியதும் 94.

அந்த விடை வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு கருவி எப்படித் தவறுகிறது என்று கண்ணால் பார்த்து, அந்தத் தவறின் அளவைக் காகிதத்தில் போட்டு, இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்பது போன்ற நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. வானிலை ஆட்களுக்கு இது நீண்ட நாளாகத் தெரிந்த விஷயம்தான். உலக வானிலை அமைப்பு பல நாட்டு மழைமானிகளை முதலில் ஆய்வகங்களிலும், பிறகு 2007 முதல் 2009 வரை இத்தாலியின் விக்னா டி வாலேயில் திறந்தவெளியிலும் அருகருகே வைத்து ஒப்பிட்டது. திருத்தம் செய்யாத டிப்பிங் பக்கெட்டுகள் கனமழையில் குறைத்துக் காட்டுவது அங்கேயும் பதிவானது. சில தயாரிப்பாளர்கள் புனலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு சைபன் வைத்து, மழை எப்படிப் பெய்தாலும் கிண்ணத்துக்குள் ஒரே வேகத்தில் தண்ணீர் இறங்கும்படி செய்கிறார்கள். நல்ல தீர்வு. ஆனால் வீட்டில் செய்யும் சைபன் ஒரு சின்ன இலைத்துணுக்கில் அடைத்துக்கொள்ளும். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது.

எத்தனை முறை அல்ல, எப்போது எப்போது

சைபன் இல்லாமலே இதைத் திருத்த முடியும். அதற்கு ஒரே நிபந்தனை, ஒவ்வொரு சாய்வும் நடந்த நேரத்தைச் சேமித்திருக்க வேண்டும். இதைத்தான் மழைமானி செய்ய நினைக்கும் ஒவ்வொருவரிடமும் அடித்துச் சொல்ல விரும்புகிறேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பெரும்பாலானவை ஒரு எண்ணியை ஏற்றிக்கொண்டே போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தத்தை அனுப்பிவிட்டுப் பூஜ்யமாக்கும். பத்து நிமிடத்தில் 20 சாய்வு என்று மட்டும் கையில் இருந்தால், அந்த இருபதும் நிதானமாக விழுந்தவையா, கடைசி இரண்டு நிமிடத்தில் கொட்டியவையா என்பது என்றைக்குமாகத் தொலைந்துவிடுகிறது. தொலைந்ததைப் பிறகு எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. நேரங்களை வைத்திருந்தால், மொத்தத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

திருத்தம் மிக எளிது. ஒரு சாய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு நொடி என்று வையுங்கள். அதில் 0.35 நொடி வீணாகப் புரள்வதில் போயிற்று. ஆக, கிண்ணத்தின் 4 மி.லி. சேர்ந்தது ஆறு நொடியில் அல்ல, 5.65 நொடியில். அப்படியானால் அந்தச் சாய்வின் உண்மையான மழை 0.2 மி.மீ. அல்ல, 0.2-ஐ ஆறால் பெருக்கி 5.65-ஆல் வகுத்த 0.212 மி.மீ. அரை நிமிடத்துக்கு ஒரு சாய்வு வரும் சாதாரண மழையில் இந்தத் திருத்தம் ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கும், சாரலில் தானாகவே மறைந்துவிடும். இடைவெளியிலிருந்து ஒரே ஒரு எண்ணைக் கழிப்பதுதான் மொத்த வித்தையும். பழைய பெருமழையின் சாய்வு நேரங்கள் என்னிடம் இருந்ததால் அதையே மறுபடி ஓடவிட்டேன். 47.8 என்றிருந்தது 49.7 ஆனது. கேன் சொன்னது 49.8.

நேரத்தைச் சேமிப்பதில் மின்கலத்துக்குக் கொஞ்சம் தொல்லை உண்டு. மானியில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலரான ஈஎஸ்பி32 மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்து தூங்கும்போது ஓடும் அதன் உள்கடிகாரம் வெப்பநிலைக்கு ஏற்ப நகரும். டிஎஸ்3231 போன்ற தனிக் கடிகாரச் சில்லு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சாய்வு வந்து விழித்ததும் உடனே மறுபடி தூங்காமல் சில நிமிடங்கள் விழித்திருக்கச் செய்திருக்கிறேன். மழை பெய்யாத நேரமே அதிகம் என்பதால் மின்கலம் அதைத் தாங்குகிறது.

நேரங்கள் கையில் இருந்தால் திருத்தம் மட்டுமல்ல, கருவியின் உடல்நிலையும் தெரியும். நான் அதிகம் பார்ப்பது புனல் அடைப்பை. சிலந்தியோ, பறவை எச்சமோ, ஒரு பூவிதழோ துளையில் உட்கார்ந்துவிட்டால் கிண்ணம் உடனே நின்றுவிடாது. புனலில் தேங்கிய தண்ணீர் கசிந்து கசிந்து இறங்கும். நேரங்களை வரைபடமாகப் போட்டால், வானம் வெளுத்த பிறகும் மணிக்கணக்கில் சாய்வுகள் தொடரும். ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைவிட மெல்ல நீளும், கொஞ்சமும் பிசிறில்லாமல். இயற்கை மழை ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காகப் பெய்யாது, வலுக்கும், தணியும், மறுபடி வலுக்கும். அந்த வழுவழுப்பான வளைவைக் கண்டால் ஏணியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அன்றைய மழையளவு சரியாகவே தெரியும், மழை எப்போது பெய்தது என்பது மட்டும் முழுக்கப் பொய்யாக இருக்கும்.

கேனுக்கும் தெரியாத மழை

இதுவரை கேனை நான் நீதிபதியாக வைத்திருந்தேன். ஆனால் கேனுக்குத் தெரிந்தது புனலுக்குள் விழுந்த தண்ணீர் மட்டுமே. புனலைத் தாண்டிப் போன துளி எதற்கும் கேனில் சாட்சி கிடையாது.

1677-ல் இங்கிலாந்தின் லங்காஷரில் ரிச்சர்ட் டவுன்லி என்பவர் தொடர்ச்சியாக மழையைக் குறிக்கத் தொடங்கினார். கூரை மேல் ஒரு புனல், அதிலிருந்து குழாய் அவர் அறைக்குள் இறங்கும். மழையில் நனையாமல் உள்ளேயே அளந்துகொள்ளலாம். கம்பியில்லா இணைப்போடு நாம் இன்று செய்வதும் அதே ஆசைதான். சுமார் 90 ஆண்டுகள் கழித்து வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் லண்டனில் மூன்று மானிகளை வைத்தார், தரையருகே ஒன்று, ஒரு வீட்டுக் கூரையில் ஒன்று, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் உச்சியில் ஒன்று. ஓராண்டு முடிவில் அபேயின் உச்சியில் சேர்ந்தது தரையில் சேர்ந்ததில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. உயரப் போனால் மழை குறையுமா என்ன? துளிகள் கீழே வர வர ஈரம் சேர்த்துப் பருக்கின்றன என்றெல்லாம் விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள். 1861-ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், பின்னாளில் பொருளாதார அறிஞராகப் பெயர் பெற்றவர், காற்றுதான் காரணம் என்று காட்டினார். மானியே காற்றுக்கு ஒரு தடை. மோதும் காற்று அதன் வாய்க்கு மேலே எழும்பி வேகம் கூடிப் பாய்கிறது, உள்ளே விழ வேண்டிய துளிகளை அந்தப் பாய்ச்சல் தள்ளிக்கொண்டு போகிறது. உயரம் கூடினால் காற்றும் கூடும், அவ்வளவுதான் விஷயம்.

இதை வாசித்த பிறகு என் மானியை மாடியிலிருந்து தரைக்கு இறக்கினேன். மரம், சுவர் எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி, நான்கு மடங்கு என்றால் இன்னும் நல்லது. அப்படி ஒரு இடம் கிடைப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. சாலிடரிங்கும் நிரலும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. வலைத்தொடர்பு எட்டும் இடம், வெயில் தகடுக்கு வெளிச்சம் வரும் இடம், கண்ணுக்கு அழகான இடம் எல்லாம் எளிதில் கிடைத்துவிடும். மழை ஒழுங்காக விழும் இடத்தைத் தேடித்தான் அலைய வேண்டும். கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், 1441-42-ல், ஒரே அளவில் உருளை வடிவ மழைமானிகளைச் செய்து மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். எல்லா ஊரிலும் ஒரே வாய், ஒரே ஆழம். ஓர் ஊரின் எண்ணை இன்னொரு ஊரின் எண்ணோடு வைத்துப் பார்க்க அதுதானே அடிப்படை. இன்று ஆளுக்கொரு விட்டம், ஆளுக்கொரு உயரம் என்று மானி வைத்து எண்களை மட்டும் இணையத்தில் சேர்க்கும்போது அந்த ஒழுங்கைத்தான் இழக்கிறோம். உலகிலுள்ள மழைமானிகளின் வாய்களையெல்லாம் சேர்த்தாலும் அரைக் கால்பந்து மைதானம்கூட ஆகாது என்று 2017-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீட்டு மானிகளுக்கு அங்கே எவ்வளவு இடமிருக்கிறது! ஆனால் எந்த உயரம், எந்த விட்டம், கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தது என்ற மூன்று வரியாவது எண்ணோடு கூடப் போக வேண்டும்.

காற்று எவ்வளவு திருடுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே நேரடி வழி குழிமானி. புனலின் விளிம்பு தரைமட்டத்தோடு நிற்கும்படி குழிக்குள் மானியை இறக்கி, சுற்றிலும் துளி தெறித்து உள்ளே வராதபடி கட்டக்கட்டமாகத் தடுப்பு வலை போடுவது. காற்றுக்கு மோத எதுவும் இல்லை. உலக வானிலை அமைப்பு மற்ற மானிகளை ஒப்பிடும் அளவுகோலாக வைத்திருப்பதும் இந்தக் குழிமானியைத்தான். குழி வெட்டி, அடியில் ஜல்லி போட்டு, ஒரு வடிகுழாயும் இறக்கியாகிவிட்டது. வடிகால் இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே குழி நிரம்பி மானி மிதக்கும். அதே 16 செ.மீ. வாய், அதே கிண்ணம், 402 கிராமுக்கு அதே நூறு சாய்வு. தரைக்கு மேலே ஒன்று, தரைமட்டத்தில் ஒன்று, நடுவில் ஒரு காற்றுவேகமானி. மேலே உள்ளது குறைத்துக் காட்டினால், காற்று அடிக்கும் மழையில் மட்டும் குறைக்கிறதா, சின்னத் துளிகளாகப் பெய்யும்போது அதிகம் குறைக்கிறதா என்பதை இனி சாய்வு நேரங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கிண்ணம் இரண்டும் தயார், தடுப்பு வலை மட்டும் இன்னும் வெட்டி முடியவில்லை.